பசுந்தாளை எந்த நாளில் மடக்குவது: ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி தயார் செய்யும் முறை

ஆடிப்பட்டத்துக்குத் தக்காளி, மிளகாய், கத்திரி நடப்போகிறீர்கள் என்றால் கணக்கை ஆடி ஒன்றிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஆடி பிறப்பது ஜூலை 17 வாக்கில். பசுந்தாளாக விதைத்த சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற செடியை உரமாக்கப் பச்சையாகவே வெட்டி மண்ணில் புரட்டுவதுதான் மடக்குவது. அப்படி மடக்கிய தழை மக்க மூன்று வாரம் வேண்டும். அப்படியானால் ஆனி 10க்குள் செடி மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். அதற்கு 45 நாள் முன்னால், சித்திரைக் கடைசியில், விதை விழுந்திருக்க வேண்டும். கோடை மழை ஒன்று சித்திரை நடுவிலேயே கிடைத்து அப்போதே விதைத்துவிட்டீர்கள் என்றால், 45 நாளில் மடக்கிவிட்டு மண்ணைச் சும்மா போட்டு வையுங்கள். இன்னும் பத்து நாள் வளரட்டும், தழை கூடுமே என்று விட்டுவைப்பதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

சணப்பு விதைப்பதா தக்கைப்பூண்டு விதைப்பதா என்று பேசுகிற அளவுக்கு அதை எந்த நாளில் மடக்குவது என்று யாரும் பேசுவதில்லை. பாத்தி எப்படி வரும் என்பதைத் தீர்மானிப்பது பின்னதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கீழ்பவானி, காலிங்கராயன் பாசனத்து வயல்களில் தக்கைப்பூண்டைச் சேற்றோடு மிதித்து ஒரு வாரம் பத்து நாளில் நெல் நாற்று நட்டுவிடுகிறார்கள். அங்கே அது சரி. தண்ணீர் நிற்கும் சேறு, இளந்தழை, நடுவதோ வளர்ந்த நாற்று. அதே பத்து நாள் கணக்கைக் கிணற்றுப் பாசனத் தோட்டத்துப் பாத்திக்குக் கொண்டுவந்து வெங்காயமும் கீரையும் விதைத்தால் முளைப்பு பாதிதான் வரும். பச்சைத் தழை மக்கத் தொடங்கும் முதல் இரண்டு வாரத்தில் நாற்றழுகல் பூஞ்சணங்கள் மண்ணில் பெருகிக் கிடக்கும். முளைக்கும் விதைதான் அவற்றுக்கு முதல் தீனி.

எது விதைத்திருந்தால் எப்படி

சணப்பு செம்மண்ணுக்கும் வடிகால் உள்ள கரிசலுக்கும் நன்றாக வரும். தண்ணீர் தேங்கினால் சாய்ந்துவிடும். வேர்முடிச்சு நூற்புழு பெருகாமல் அடக்கிவைக்கும் என்பதால் தக்காளி, கத்திரி போட்டுப்போட்டு அலுத்த பாத்திக்கு இதுதான் பொருத்தம். நார் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. கயிறு திரிக்கிற செடி என்பதை மறந்துவிடக் கூடாது. தக்கைப்பூண்டு களர் மண்ணையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும், தழையும் அதிகம். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து நன்றாக வந்தால் 10 டன் பச்சைத்தழை எதிர்பார்க்கலாம். ஆனால் 50 நாள் தாண்டினால் அடித்தண்டு விறகுதான்.

வீட்டை ஒட்டிய நாலு பாத்திக்கு, கையால் வேலை செய்பவர்களுக்கு, தட்டைப்பயறுதான் சுலபம். தண்டு மெல்லியது, கருக்கருவாளுக்கே அடங்கும். நூற்புழு உள்ள மண்ணில் மட்டும் வேண்டாம், பெரும்பாலான தட்டைப்பயறு ரகங்களில் அது நன்றாகப் பெருகும். கொள்ளும் இதே மாதிரி மென்மைதான், ஆனால் புரட்டாசி, ஐப்பசிக்கு ஏற்றது. கொழிஞ்சி மானாவாரிக் காட்டுக்குச் சரி. விதைத்தோல் கடினம், வளர்ச்சி மெதுவு, பாத்திக்கு அது வேண்டாம்.

பலதானியம், அதாவது பயறும் தானியமும் எண்ணெய் வித்தும் கலந்த விதை, விதைத்திருந்தால் கம்பையும் சோளத்தையும் கவனியுங்கள். மற்றதெல்லாம் தரையோடு வெட்டினால் பெரும்பாலும் செத்துவிடும். இவை இரண்டும் இளசாக வெட்டினால் மறுதாம்பு, அதாவது தூரிலிருந்து புதுத் துளிர், விட்டுக்கொண்டு வரும். கதிர் வெளிவந்து பூத்த பிறகு வெட்டினால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதற்குள் சணப்பு முற்றிவிடும். அதனால் காய்கறிப் பாத்திக்கான கலவையில் தானிய விதை பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆமணக்கைப் பாத்திக் கலவையிலிருந்து எடுத்தேவிடலாம். வெட்டுகிற நாளில் இளஞ்சோளத் தட்டை மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். முழங்கால் உயரச் சோளம், அதிலும் வறட்சியில் வாடியது, மாட்டைக் கொல்லும் விஷம்.

பாத்தி அளவுக்கு விதை: 4 அடிக்கு 10 அடி பாத்தி ஒன்றுக்கு 30 முதல் 40 கிராம். ஏக்கர் கணக்கை வகுத்துப் பார்த்தால் 20 கிராம்கூட வராது. வேண்டுமென்றேதான் இரட்டிப்பாகச் சொல்வது. நெருக்கி விதைத்தால் தண்டு பென்சில் பருமனுக்கு மேல் போகாது, கிளை அடிக்காது, மடக்குவது சுலபம். விதைத்த அன்றே மேலே நாலு முள்கிளையோ பழைய வலையோ போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மயில் முதல் ஆளாக வந்து கணக்கை முடித்துவிடும்.

நாள் வந்துவிட்டதா என்று செடியிடமே கேட்பது

45 நாள் என்பது காலண்டர் கணக்கு. செடி காட்டும் அடையாளங்கள் மூன்று.

பூ முதலில். பாத்தியில் பத்துச் செடிக்கு ஒன்றிரண்டில் மொட்டு விரிந்திருந்தால் இந்த வாரமே மடக்க வேண்டும். பாதிச் செடி மஞ்சளாகப் பூத்துவிட்டது என்றால் நாளைக்கே. காய் பிடித்துவிட்டால் இலையில் இருந்த சத்து விதைக்கு ஏறத் தொடங்கிவிட்டது. அந்த விதை பிறகு களையாகவும் வரும்.

அடுத்தது தண்டு. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தண்டைப் பிடித்து ஒடியுங்கள். சட்டென்று ஒடிந்து விரலில் பசை ஈரம் பட்டால் பதம். வளைந்து, மடிந்து, தோல் நார்நாராகக் கிழிந்து தொங்கினால் பதம் தாண்டிவிட்டது. கட்டைவிரல் நகம் அடித்தண்டில் இறங்குகிறதா என்றும் அழுத்திப் பார்க்கலாம்.

மூன்றாவது வேர். ஒரு செடியை இழுத்துப் பிடுங்காதீர்கள், முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். மம்பட்டியால் ஓரமாகக் கிளப்பி, மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பாருங்கள். கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை முடிச்சுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். ஒன்றை நகத்தால் இரண்டாகக் கீறினால் உள்ளே ஈரல் மாதிரிச் சிவப்பு தெரிய வேண்டும். தெரிந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது, இனிக் காத்திருந்து பயனில்லை. எல்லாமே வெள்ளையாக இருந்தால், முடிச்சில் இருந்து அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவான ரைசோபியம் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். அடுத்த முறை விதையோடு கலந்து விதையுங்கள். முடிச்சு உதிராமல் வேரே அங்கங்கே புடைத்திருந்தால் அது முடிச்சல்ல, நூற்புழு.

தண்டு முற்றினால் என்ன கெட்டுவிடும்? தழையை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் நைட்ரஜன் தீனி வேண்டும். கார்பன் 25 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற அளவுக்குள் இருந்தால் தழையிலேயே அவற்றுக்குப் போதுமானது இருக்கும், மிச்சம் மண்ணுக்கு வரும். இளந்தழை அந்த அளவுக்குள் அடங்கும், முற்றிய தண்டு அடங்காது. அப்போது அவை மண்ணில் இருக்கும் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். உரம் போட்ட பாத்தியில் நட்ட நாற்று பட்டினியால் மஞ்சளாகும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது.

எடைபோட்டுப் பார்ப்பது

வெட்டுவதற்கு முன் பாத்தியின் நடுவில் மூன்றடிக்கு மூன்றடி அளந்து, அதற்குள் உள்ளதை மட்டும் தரையோடு வெட்டித் தராசில் வையுங்கள். இரண்டு கிலோ வந்தால் நல்ல விளைச்சல். அப்படியானால் 40 சதுர அடிப் பாத்தியில் ஒன்பது கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு காய்ந்த எடை, அதில் இரண்டரை சதவீதம் நைட்ரஜன் என்று வைத்தால் 45 கிராம், அதாவது 100 கிராம் யூரியாவுக்குச் சமம். அத்தனையும் முதல் பயிருக்கே வந்துவிடாது, ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும். அடியுரத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்று தெரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும். ஒரு கிலோவுக்கும் கீழே வந்தால் எதையும் குறைக்க வேண்டாம், தொழுவுரமும் சேர்த்துப் போடுங்கள்.

வெட்டி மண்ணில் கலப்பது

மடக்குவதற்கு முந்தின நாள் லேசாகத் தண்ணீர் கட்டுங்கள். காய்ந்த செம்மண் கல் மாதிரி இருக்கும், மம்பட்டி இறங்காது. கரிசலில் இரண்டு நாள் முன்னாலேயே கட்ட வேண்டும். மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் அன்றைக்குப் பாத்திக்குள் காலே வைக்காதீர்கள்.

செடியை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வாருங்கள். கொடுவாளால் நுனியிலிருந்து அரை அடி அரை அடியாகத் துண்டு போட்டு, கடைசி வெட்டு தரையோடு விழ வேண்டும். அடியில் ஒரு சாண் விட்டு வெட்டினால் சணப்பும் தக்கைப்பூண்டும் கணுவில் துளிர்க்கும். பிரஷ் கட்டர் இருந்தால் இரண்டு உயரத்தில் ஓட்டலாம், முதலில் இடுப்பளவில், பிறகு தரையோடு.

துண்டுகளை அரை நாள் வாட விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் இலை சருகாகிவிடும். செம்மண் காட்டில் காய்ந்த தட்டு கிடந்தால் கரையான் வந்துவிடும், பிறகு நடும் நாற்றின் வேரையும் அது விடாது. பச்சையாக, ஈரத்தோடு மண்ணுக்குள் போன தழையைக் கரையான் அவ்வளவாகச் சீண்டாது.

பிறகு மம்பட்டியால் கொத்திப் புரட்டுவது. ஆழம் நாலு அங்குலத்திலிருந்து ஆறு அங்குலம். உரம் கீழே போனால் வேர் தேடிப் போகும் என்று முக்கால் அடி பள்ளம் எடுத்துப் புதைப்பவர்கள் உண்டு. அந்த ஆழத்தில் காற்று குறைவு, தழை மக்காமல் ஊறுகாய் போல் கிடக்கும். மேலே தழை கொஞ்சம் நீட்டிக்கொண்டு தெரிந்தால் தெரியட்டும்.

கால் ஏக்கர், அரை ஏக்கர் என்றால் ரோட்டவேட்டர் என்கிற சுழல்கலப்பைதான். இங்கேதான் சணப்பின் நார் வேலையைக் காட்டும். ஆளுயரச் சணப்புக்குள் ரோட்டவேட்டரை நேராக விட்டால் நாலு சால் போவதற்குள் தண்டு முழுக்கக் கத்தித் தண்டில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். சுற்றியதை எடுக்க எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கத்திப் பக்கம் கை போக வேண்டும். சுற்றாமல் இருக்க வழி, முன்னதாகவே பிரஷ் கட்டராலோ மல்ச்சராலோ துண்டாக்கிவிடுவது. அல்லது இடுப்புயரம் வந்தவுடனேயே, 35 நாளில், மடக்கிவிடுவது. தழை கொஞ்சம் குறையும், டீசலும் ஆளும் மிச்சம். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் ஒரு வாரம் இடைவெளி விட்டால் முதல் முறை தப்பிய தண்டும் மறுதாம்பும் இரண்டாவதில் அடங்கும். ஐப்பசி மழையில் நனைந்த கரிசலில் மட்டும் ரோட்டவேட்டரை இறக்க வேண்டாம். கட்டி கட்டியாகப் புரண்டு அந்தப் பட்டம் முழுக்கச் சீராகாது.

தண்ணீரும் காத்திருப்பும்

மடக்கிய அன்றோ மறுநாளோ ஒரு தண்ணீர். பிறகு செம்மண்ணுக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை, கரிசலுக்கு எட்டு நாளுக்கு ஒரு முறை, ஈரம் காயாமல் இருந்தால் போதும். ஈரம் இல்லாமல் 20 நாள் கிடந்தாலும் அது 20 நாள் ஆகாது. ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் மேல்மண்ணை ஒரே நாளில் காயவைத்துவிடும். அந்தப் பக்கத்தில் இடைவெளியை ஒரு நாள் குறைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் ஓரிடத்தில் கிளறி மோந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் சரியாகப் போகிறது. அழுகின முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், காற்றில்லை. தண்ணீரை நிறுத்தி, களைக்கொத்தால் மேலாகக் கிளறிவிட்டு ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருங்கள்.

இருபதாம் நாள் மூன்று இடத்தில் நாலு அங்குலம் தோண்டித் தண்டுத் துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்குங்கள். வெந்த கீரைத்தண்டு போல் நசுங்கினால் நடலாம். இன்னும் சந்தேகம் இருந்தால் இரண்டு தேங்காய்த் தொட்டியில், ஒன்றில் பாத்தி மண், இன்னொன்றில் பசுந்தாள் போடாத மண், இரண்டிலும் இருபது இருபது கடுகு போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். நாலைந்து நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி முளைத்தால் பாத்தி தயார். பாத்தி மண்ணில் பாதிதான் வந்தால் இன்னும் ஒரு வாரம்.

பயிருக்குப் பயிர் பொறுமை வேறு. நாற்றாக நடும் தக்காளி, மிளகாய், கத்திரிக்கு இரண்டரை முதல் மூன்று வாரம். மஞ்சளுக்கும் மூன்று வாரம், அரைகுறையாக மக்கிய தழையும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் விதைக்கிழங்கு அழுகும். சின்ன வெங்காயம், கீரை, முள்ளங்கிக்கு நாலு வாரம் விடுங்கள். முள்ளங்கி, கேரட்டுக்குத் தண்டுத் துண்டு ஒன்று குறுக்கே கிடந்தாலும் கிழங்கு இரண்டாகப் பிரியும். பூசணி, சுரை குழி போட்டு நடுவது, இரண்டு வாரமே போதும்.

கிளறாமல் முடிப்பது

சொட்டுநீர் உள்ள பாத்திக்கு இன்னொரு வழி உண்டு. நன்றாகப் பூத்த சணப்பைத் தரையோடு வெட்டியோ சாய்த்து நசுக்கியோ அப்படியே மண்ணை மூடும் மூடாக்காக விட்டுவிட்டு, ஊடே குழி எடுத்து நாற்று நடுவது. இதற்குக் கொஞ்சம் முற்றிய தண்டுதான் வேண்டும், சீக்கிரம் கரைந்து போகாமல் களையை அமுக்கிக் கிடக்கும். தழை மண்ணுக்கு மேலேயே இருப்பதால் மண்ணின் நைட்ரஜனை அவ்வளவாக இழுக்காது. நாலடிப் பலகையின் அடியில் இரும்பு ஆங்கிள் ஒன்றைத் திருகி, இரண்டு முனையிலும் கயிறு கட்டிக்கொண்டால் கருவி தயார். கயிற்றால் தூக்கி, முக்கால் அடிக்கு ஒரு மிதி. தண்டு துண்டாகக் கூடாது, நசுங்க வேண்டும். பூக்காத செடியை இப்படிச் சாய்த்தால் மூன்றாம் நாள் தலை தூக்கிவிடும். சொட்டுநீர்க் குழாயை முன்னதாக எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு, மிதித்த பிறகு விரித்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் பாசனத்துக்கு இது ஒத்துவராது. தழை மிதந்து போய் வாமடையை, அதாவது பாத்திக்குத் தண்ணீர் திருப்பும் வாயை, அடைத்துக்கொள்ளும், ஒரு பாத்தி முழுகும், அடுத்தது காயும். ஆடிக் காற்றில் மூடாக்கு பறப்பதும் உண்டு, ஓரத்தில் நாலு கூடை மண் போட்டு அமுக்குங்கள்.

அவசரம் இல்லாதவர்களுக்குத் தார்ப்பாய். தரையோடு வெட்டி, நன்றாக நனைத்து, ஒளி புகாத தார்ப்பாயால் மூடி, நாலு ஓரமும் மண் போட்டு அடைத்துவிட்டால் மூன்று வாரத்தில் மறுதாம்பும் களையும் வெளிச்சமின்றிச் செத்துவிடும். ஓரத்தில் சந்து விட்டால் அங்கே மட்டும் கோரை பச்சையாக நிற்கும். கோரைக் கிழங்கு இதற்கெல்லாம் சாகாது என்பதையும் தெரிந்தே மூடுங்கள்.

நட்ட பிறகு தவறு தெரிந்தால்

நட்டுப் பத்து நாளில் அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துப் பட்டினி. 40 சதுர அடிப் பாத்திக்கு அரை கிலோ கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள், அல்லது 50 கிராம் யூரியாவை இரண்டாகப் பிரித்து ஒரு வார இடைவெளியில் வையுங்கள். தண்டு மக்கி முடிந்ததும் பச்சை தானாகத் திரும்பும். ஆரம்பத்தில் பட்டினி கிடந்ததற்காக உரத்தை அள்ளிக் கொட்டினால், அடங்கியிருந்த சத்தும் சேர்ந்து வெளிவரும்போது செடி இலையாகவே வளரும், பூ தள்ளிப்போகும்.

நாற்று தரைமட்டத்தில் அழுகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததைப் பிடுங்கித் தூரப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, பிறகு புது நாற்று வையுங்கள். அதற்காகவே நாற்றங்காலில் பத்துக்கு ஒன்று கூடுதலாக வைத்திருப்பது நல்லது. சணப்பு அங்கங்கே துளிர்த்து வந்தால் கையால் கிள்ளி அங்கேயே போட்டுவிடலாம், இரண்டு முறை கிள்ளினால் ஓய்ந்துவிடும். கம்பு மறுதாம்பைக் கிள்ளி ஆகாது, களைக்கொத்தால் தூரோடு பெயர்த்து, வேர் மேலே பார்க்க வெயிலில் கவிழ்த்துப் போடுங்கள்.